பெட்டர் லேட் தேன் நெவர், மைனி

என் ஆசை மைனிக்கு,

ஜெயித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

ஒரே ஏற்றுமதி ஆபீசில் இத்தனை வருஷம் வேலை பார்த்தோம். மெயில் அனுப்புவது நான், போனில் பேசுவது நீங்கள். வெளிநாட்டுக்காரர் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கோ அவர்களிடம் பேசிய இங்கிலீஷ் வீடு வரைக்கும் கூடவே வரும். சமையல் தாமதமானால் "மேக் அப் ஃபார் லாஸ்ட் டைம்" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே பரபரவென்று அப்பளம் பொரிப்பீர்கள். கல்யாண வீட்டுக்குக் கடைசிப் பந்தியில் போய், யாரும் வாய் திறக்குமுன் வாசலிலேயே "பெட்டர் லேட் தேன் நெவர்" என்று முந்திக்கொள்வீர்கள். அப்புறம் யார் திட்டுவது? அதுவே நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. தாமதமாக வந்தவர் வாசலில் அதைச் சொல்லிவிட்டால் யாரும் ஏசக் கூடாது.

நீங்கள் போன பிறகு உங்கள் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார் முதலாளி அண்ணாச்சி. மழையும் அப்போதா வர வேண்டும்? ஜெர்மனி மருந்துக் கம்பெனிக்குப் போகிற நிலாவாரை இலைச் சரக்கு, லாரியோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. கண்டெய்னருக்குள் தண்ணீர் போகவில்லை, ஆனால் கப்பல் போய்விட்டது. ஜெர்மன்காரர் ஆர்டரை ரத்து செய்தால் கிடங்கில் இலை புடைக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். அவரே போனில் வந்தார்.

"ஏளா ரோஸ்லின், எடுத்துப் பேசு. மெயிலெல்லாம் இப்ப ஆவாது" என்றார் அண்ணாச்சி.

எடுத்தேன். அந்த மனுஷர் பொரிந்து தள்ளினார். சரக்கு வருமா, வராதா என்று கேட்டார். என் வாயில் வந்தது நம் வீட்டுச் சட்டம்தான். "பெட்டர் லேட் தேன் நெவர், சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காத்திருந்து சலித்தவர் பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டியதை, காக்க வைத்தவளே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் ஜெர்மன்காரர் சிரித்தார், மைனி. முன்னால் பேசிய மேடமும் இப்படித்தான் சொல்வார், அவர் எங்கே என்று கேட்டார். நீங்கள் கர்த்தரிடம் போய்விட்டதைச் சொன்னேன். வருத்தம் சொல்லிவிட்டு, சரி, தாமதத்தை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்றார்.

"வீ வில் கேட்ச் அப், சார்" என்று ஆரம்பித்தவள்தான், நிறுத்தவில்லை. அடுத்த சின்னக் கப்பலில் கொழும்புக்கு அனுப்புவோம், உங்கள் ஊருக்கு வருகிற பெரிய கப்பல் அங்கே வருமுன் நம் சரக்கு காத்திருக்கும் என்றேன். அப்படியே நடந்தது. சரக்கும் போய்ச் சேர்ந்தது, அடுத்த ஆர்டரும் வந்தது. அண்ணாச்சி ஆபீசுக்கே மக்ரூன் வாங்கிக் கொடுத்து, "என்னா போடு போடுதா பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தாமதமாக வருகிற நீங்கள், போவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரப்பட்டீர்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். அங்கே நான் ரொம்ப ரொம்பத் தாமதமாகத்தான் வருவேன். இங்கே அனுப்ப வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது. வந்ததும் வாசலில் நின்று அதைச் சொல்லிவிடுவேன். நீங்கள் ஏசக் கூடாது, சட்டம் உங்களுடையது.

இப்போதெல்லாம் முதல் மணியிலேயே போனை எடுக்கிற,
உங்கள் நாத்தனார்
ரோஸ்லின்