சூடு என்றார்

மார்ச் 4
இன்று டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, ஊசி போடும் நர்ஸ், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான். நாளைக்கு யாரும் பேச்சை மாற்றக்கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

முடக்குவாதத்துக்குப் புது ஊசி. என் உடம்பின் காவல் அணுக்களே புத்தி கெட்டு என் மூட்டுகளைக் கடிக்கின்றனவாம். அவை ஒன்றையொன்று கூவி அழைக்கும் சத்தத்தை இந்த ஊசி அடக்குமாம். ஆனால் காசநோய்க் கிருமி உள்ளே தூங்கினால், அதைச் சுற்றிச் சுவராக நிற்பதும் அதே அணுக்கள்தானாம். ஊசி போட்டால் சுவர் இடியும். பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் விழுங்கும் ஸ்டீராய்டு அதை மறைத்திருக்கலாம் என்று சொல்லி டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார், "எங்க வம்சத்துலயே அந்தச் சீக்கு கிடையாது" என்றாள். இவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19
ஊசி வேலை செய்கிறது. ரவிக்கைக் கொக்கியை நானே மாட்டினேன். இத்தனை காலம் மாட்டிவிட்டவர், "அப்போ எனக்கு வேலை போச்சா?" என்றார். சிரித்துவிட்டேன்.

ஜூன் 2
இருமல்.

ஜூன் 23
காசநோயேதான். ஊசியை நிறுத்திவிட்டார்கள். இனி அணுக்கள் மறுபடி கூவும், விரல்கள் மறுபடி மடங்கும். பேத்தியைக் கிட்டே விடக்கூடாதாம் — கதவுக்கு வெளியே நின்று கை காட்டினாள். எங்கிருந்து வந்தது இது? நாத்தனாருக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். அழுதாள். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா." நம்பவில்லை.

ஜூன் 26
காசநோய் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. சிறுநீர் செக்கச்செவேல் என்று போகிறது. பயந்துபோய் நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மாத்திரையோட கலர்தாம்மா. வேர்வைகூட அப்படி வரும்" என்றாள்.

போனை வைத்தேன்.

இதை நான் பார்த்திருக்கிறேன். மூத்தவள் வயிற்றில் இருந்த வருஷம். வேலை மாற்றம் என்று வேறு ஊருக்குப் போனவர், எலும்பும் தோலுமாக எப்போதாவது வீட்டுக்கு வருவார். குளியலறைத் தரையில் இதே நிறம். பனியன் அக்குளில் இதே நிறம். என்னங்க இது என்று கேட்டேன். உடம்புச் சூடு என்றார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தேனே, பைத்தியக்காரி! அதற்கு முன்னால் அவர் இருமிய இருமலெல்லாம் என் முகத்தில்தானே?

சாயங்காலம் அவரிடம் கேட்டேன்: "அது சூடா?"

"உங்க வீட்ல உன்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேன்" என்றார்.

"அது அப்போ. டாக்டரம்மா கேட்டப்போ?"

"அக்கா பக்கத்துல இருந்தாங்களே."

அக்கா இருந்தாங்களாம். அவ்வளவுதான் காரணம்.

ஆகஸ்ட் 11
பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதுகிறேன். வேறு ஊசியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாமாம். அதுவரை தேய்கிற எலும்பு தேய்ந்ததுதான்.

அவர்தான் ஊட்டுகிறார். ஆற வைத்து, சின்னச் சின்ன வாயாக, சிந்தினால் துடைத்து. வாயைத் திறக்கிறேன், பசிக்கிறதே. டாக்டரம்மா மேல் எனக்கு வருத்தமில்லை. நாத்தனாருக்குத் தெரியாது என்பதையும் இப்போது நம்புகிறேன். அவளோடு எனக்கு இருக்கும் வழக்கு வேறு: என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னது. மன்னிக்கமாட்டேன் என்றால் ஒரே ஒருவரைத்தான். என் வீட்டுக்காரரை.