கை தட்டும் படம்

கள்ளக்குறிச்சி,
4.9.2025

அன்புள்ள தம்பி தமிழரசனுக்கு,

ஜப்பார் மாமா துஆவுடன் எழுதுவது. குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் சுகம்.

நீ போனை எடுப்பதில்லை. செய்தி போட்டால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். அதனால்தான் உன் கம்பெனி விலாசத்தை உன் கூட்டாளி பிரவீன்குமாரிடம் வாங்கி எழுதுகிறேன். காகிதத்தைப் பிரிக்காமல் இருக்கமாட்டாய்.

கல்வராயன் மலையில் நல்ல மழை. கோமுகி அணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் மக்காச்சோளம் தேறிவிடும், பக்கத்துக் காட்டு வீரமுத்து பார்த்துக்கொள்கிறான்.

திருவிழா லைவ் பதிவை அழிக்கச் சொல்லியிருந்தாய். இன்னும் அழிக்கவில்லை. கோபப்படாமல் மேலே படி.

வியாபாரி புத்தி என்று நினைப்பாய். அதுவும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டிலும் திருப்பூரிலும் இருக்கிறீர்கள். திருவிழா வரி கொடுக்க ஆளில்லாமல் பாரதக் கூத்து நின்றே போயிருந்தது. நான் கேமரா வைத்து லைவ் காட்டிய பிறகுதான் நீங்கள் அங்கிருந்தே பணம் போட, கட்டியக்காரன் உங்கள் பெயர்களை மேடையில் கூவ, திருவிழா மறுபடி நடக்கிறது. மீந்ததில் கூத்தாடிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு ஆகிறது. உன் பெயரைக் கூவும்போதெல்லாம் உன் அப்பா ராஜாங்கம் துரியோதனன் வேஷத்தோடு கேமரா பக்கம் திரும்பி மீசையை முறுக்குவார். நீ பார்த்திருப்பாய்.

கடைசி நாள் விடிந்ததுமே நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். காப்பு கட்டியவர் திருவிழா முடியாமல் ஊர் எல்லை தாண்டமாட்டாராம். "துரியோதனன் வுழுந்தா வேஷம் முடிஞ்சிது. அப்பால வரேன், கத்திக்கினு நிக்காத பாய்" என்று சிரித்தார். விழுந்தார், எழவில்லை. கதாயுதத்தால் அடித்த பீமன் சுப்புராயனுக்கே அது நடிப்பாகத்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் நீ அங்கிருந்து கை தட்டும் படம் போட்டாய். அதுதான் உன்னைத் தின்கிறது, எனக்குத் தெரியும். பதிவின் ஓரத்தில் உன் பெயரோடு உன் முகப் படமும் அந்தக் கைகளும் அப்படியே இருக்கின்றன. ஊரே தட்டியது, தம்பி. நானும் தட்டினேன்.

உன் அம்மா வாராவாரம் வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறி என் வீடியோ கடைக்கு வருகிறார். அந்தப் பதிவைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை ராஜாங்கம் விழுவதற்கு முன்னால் நிறுத்தினேன். சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னாண்ணா, எம்புள்ள வர்ற நேரத்துல நிறுத்திட்டீங்க?" என்றார். அவர் பார்க்க வருவது உன் முகத்தைத்தான். "எப்டி கை தட்றான் பாரு. அவங்கப்பா ஆட்டத்தக் கண்ணால பாத்துட்டான் எம்புள்ள" என்று என் மகள் ஃபரீனிடம் விரலை வைத்துக் காட்டுவார். காரியம் முடிந்த பிறகு நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னிடமிருந்து அவருக்கு மிச்சம் அந்தக் கைகள்தான்.

ஆகவே நமக்குள் ஒரு பேரம் பேசிக்கொள்வோம். அம்மாவுக்குப் போன் போடு. பேச வரவில்லை என்றால் அழு, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நீ பேசிய வாரம் அவர் என் கடைக்கு வரமாட்டார். அவர் வராத அன்றைக்கு நீ சொன்னதை அழித்துவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு மனதைக் கொடுக்கட்டும்.

உன் மாமா,
அப்துல் ஜப்பார்