ஒரு போத்தல் நீலக் கடல்

இதனால் தோட்டத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், இரண்டாம் லயம் ஐந்தாம் கதவில், அதாவது நம் வீட்டில், வசித்து வந்த பால் டின் இன்று காலை பசியாறும் நேரத்தில் காலமானது. அன்னாருக்கு வயது பதினோரு நாள். கவிழ்த்துப் பிடித்தும் ஒரு சொட்டு விழாததால் அப்பா சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கடைசி மரியாதையாகத் தன் கோப்பியில் ஊற்றிக்கொண்டார். இந்த அறிவிப்பை வெளியிடுபவன் பங்கோர் தீவு வரை போய் வந்தவன். ஆகவே மரியாதையாகப் படிக்கவும்.

அழாதே அம்மா. நீயே போய்விட்ட வீட்டில் டின் போவதெல்லாம் ஒரு சாவா?

டின்னைக் குப்பையில் போடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். லேபிள் ஒட்டியபடியே இருந்தது. நீ இருந்தவரை நம் வீட்டு டின் எதுவும் சட்டையோடு குப்பைக்குப் போனதில்லை. சட்டியில் தண்ணீர் விட்டு ஊற வைப்பாய். பசை இளகி லேபிள் தானாகக் கழன்று மிதக்கும். பசை வாடையும் பால் வாடையும் கலந்து அடுப்படி முழுக்க நிற்கும். இரண்டு விரலால் அதை எடுத்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிக் காய வைப்பாய். பத்து சேர்ந்தால் பால் கம்பெனிப் போட்டிக்கு ஒரு விண்ணப்பப் பாரம். அதை நிரப்புவது என் வேலை.

"மொத பரிசு என்னாடா?"

"மோட்டார் காடி."

"ரெண்டாவது?"

"கலர் டிவி."

"அந்தத் தீவு?"

"அது மூணாவதும்மா. பங்கோர். குடும்பத்தோட மூணு நாளு."

"அப்ப மூணாவதே கெடைக்கட்டும். காடி வந்தா உங்கப்பா எங்க ஓட்டுவாரு, காலைல பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துக்கா?"

நாம் கடலே பார்க்காதவர்கள் இல்லை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கோலசிலாங்கூர் மலைக்குப் போய், குரங்குகளுக்குக் கச்சான் கடலை கொடுத்துவிட்டு மேலேயிருந்து பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறும், சேற்றில் வேர்விட்ட காண்டா மரமும், அதற்கப்பால் பழுப்பாக ஒரு கோடும்.

"இதாடா கடலு? கோப்பிய ஊத்தி வச்ச மாதிரி இருக்கு."

"பால் வாங்க ஆள் போயிருக்கும்மா" என்றேன். தலையில் ஒரு குட்டு வைத்தாய்.

ஆனால் அடுப்படியில் தொங்கிய சீனத் தௌக்கே மளிகைக் கடைக் காலண்டரில் இருந்தது வேறு கடல். ஒரு தென்னை, வெள்ளை மணல், மிச்சமெல்லாம் நீலம். என் பள்ளிச் சட்டையை நீலத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். "இவ்ளோ நீலம் நெசமாவே இருக்குமா? யாரோ துணிக்குப் போடுற நீலத்தக் கலக்கி ஊத்துன மாதிரில்ல இருக்கு" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய். நான் ஒரு தடவையாவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறேனா?

என் திறமையை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக் காற்றையும் இறக்கிவிட்டு, 'காற்று வாங்கப் போயிருக்கிறது' என்று சீட்டில் எழுதிச் செருகியவன் நான். அப்படிப்பட்டவன் இந்த ஏப்ரலுக்குச் செய்தது என் வாழ்நாள் சாதனை. பள்ளிக்கூடத் தட்டச்சு மெசினில், கம்பெனி எழுதுவது போல் மலாயில் ஒரு கடிதம். அழிப்பானைப் பிளேடால் செதுக்கி ஒரு முத்திரை. மெய்யான தபால்தலை. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் தபால் பெட்டியில் போட்டு, சரியாக முதல் தேதி தோட்டத்து ஆபீஸ் பைக்குள் வந்து விழ வைத்தேன்.

நீ மருந்தடித்துவிட்டு வந்தாய். உடம்பெல்லாம் அந்தக் களைக்கொல்லி நெடி. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கொடுத்த உறையைப் பிரிக்காமல் முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாய். நான் உரக்க வாசித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாம் பரிசு. பங்கோர் தீவு. ஜூன் விடுமுறையில். டிக்கெட்டுகள் பின்னால் வரும்.

நீ குதிப்பாய், 'ஏப்ரல் ஃபூல்' என்று நான் கத்துவேன், நீ துடைப்பத்தை எடுப்பாய், நான் தோட்டத்து எல்லை வரை ஓடுவேன். திட்டம் அவ்வளவுதான். நீ குதிக்கவில்லை.

"எங்க? எம் பேரு எங்க இருக்கு?"

"இந்தா."

விரலைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு அந்த எழுத்துகளின் மேல் வைத்தாய்.

"மெசின்லயா அடிச்சிருக்காங்க?"

"ஆமாம்மா."

"சம்பள செக்ரோல்ல எனக்கு நம்பருதான்டா. பேர மெசின்ல அடிச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

இரண்டே சொல். நாக்கு நுனி வரை வந்தது. கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொதித்தது. குடித்தோம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டாய். ஒரு பெயரில் ஒரு எழுத்து குறைந்தாலும் பிடித்துவிடுகிற கிராணி அதைப் படித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். கிராணியே ஏமாந்த கடிதம்! அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன் அம்மா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் என்னை வரைபடம் போட வைத்தாய். தோட்டத்திலிருந்து கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சுங்கை பெசார். அங்கே பஸ் மாறித் தெலுக் இந்தான், பிறகு லூமுட், பிறகு கப்பல். "லூமுட்டுன்னா என்னா ஊருடா, முட்டுமா?" என்று நீ கேட்டாய். "முட்டாது, கரையோட நின்னுக்கும். பங்கோருன்னா எல்லாருக்கும் பங்கு இருக்குற ஊரு, அதான் நம்ம பங்க அனுப்பியிருக்காங்க" என்று நான் அளந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பக்கத்துக் கதவு தெய்வானை அக்கா கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். கூலி, ஒரு பொட்டலம் பங்கோர் நெத்திலி. "அங்கன காளியம்மா கோயிலு இருக்காம்லா, எம் பேருக்கு ஒரு சூடம் காட்டிரு" என்றார். அப்பா மட்டும் மசியவில்லை.

"கடல்ல என்னா இருக்கு? தண்ணி. அத நம்ம பைப்புலயே பாக்கலாம்."

"நீங்க பைப்புக்கே போய்ட்டு வாங்க. நானும் புள்ளையும் தீவுக்குப் போறோம்."

மறுநாள் அவர் ஒருத்தருக்கும் சொல்லாமல் பழைய சப்பாத்தைத் தைக்கக் கொடுத்திருந்தார்.

கப்பலில் மயக்கம் வரக்கூடாது என்று, வேலைக்குப் போகிற லோரியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகினாய். பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம். "சிரிங்கடி. நான் வரும்போது ஒரு போத்தல் நீலத் தண்ணி கொண்டாந்து காட்டுறேன், அப்பப் பாப்போம்" என்றாயாம். தீபாவளிக்குக் கலக்கிக் குடித்த சிரப் போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வாடை போக வெயிலில் காய வைத்து, அலமாரிக்கு மேல் எடுத்து வைத்தாய். கடல் தண்ணீரைப் போத்தலில் பிடித்தால் நீலமாக இருக்காது என்று நான்காம் பாரத்து விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தேன். அதையும் சொல்லவில்லை. பெரிய பொய்யையே சொல்லாதவன் சின்ன உண்மையை எங்கே சொல்ல?

ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடுவதாக முடிவெடுத்தேன். ஞாயிறுகள் தீர்ந்தன. மே மாதம் இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டும் உனக்கு அதே கவலை. "தேதிய தள்ளிப் போடச் சொல்லி கம்பெனிக்கு எழுதுடா. நான் வரலன்னா வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க." உன் எதிரே உட்கார்ந்து, பள்ளித் தாளில் எழுதினேன். எந்தத் தபால் பெட்டியிலும் போடாத கடிதம். அதன் பிறகு தினம் பிற்பகல் பார்வை நேரத்தில் அந்தக் கேள்விதான்.

"பதிலு வந்துச்சா?"

"வந்துரும்மா."

கடைசி நாள் சொல்லிவிடத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். அம்மா, அது வெளையாட்டும்மா. அம்மா, என்னை அடி. நீ கண்ணைத் திறந்தாய். உதட்டசைவில்தான் புரிந்தது.

"பதிலு?"

"வந்துருச்சும்மா" என்றேன். "நல்லானப்பறம் எப்ப வேணும்னாலும் வரலாமாம்."

"நல்ல மனுசங்கடா" என்றாய்.

அதுதான் நீ கடைசியாகப் பேசியது. என்னைத் திட்டியிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம். ஒரு வரிகூட எழுதாத கம்பெனியை நல்ல மனுசங்க என்று சொல்லிவிட்டுப் போனாய்.

மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் ஒருவரும் சத்தமாகப் பேசுவதில்லை. அப்பா செம்பனைக் குலை வெட்டப் போகிறார், வருகிறார், சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். என் சட்டை மஞ்சளடித்துவிட்டது. போன வாரம் மண்டோர் என்னை வழியில் நிறுத்தி, "என்னாடா, என் சைக்கிள்ல காத்து அப்படியே இருக்கு? ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை அம்மா. தோன்றினாலும் துடைப்பத்தை எடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்டு விடுமுறையில் ஒரு நாள் காலை, அப்பா அலமாரி மேலிருந்து அந்தப் போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ போய்ட்டு வா. அவ கேட்டது அது ஒண்ணுதான்."

போய் வந்தேன். கேள். நீ போட வைத்த வரைபடம் சட்டைப்பையில். லூமுட்டில் கப்பல் ஏறினேன். உன் மகனுக்கு மயக்கம் கியக்கம் எதுவும் இல்லை, கம்பியைப் பிடிக்காமல் நின்றேன். பாதி வழியில் சேற்று நிறம் போய்ப் பச்சை வந்தது, பச்சை போய் நீலம் வந்தது. காலண்டர் பொய் சொல்லவில்லை. தென்னைகூட அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. காளியம்மன் கோயிலில் தெய்வானை அக்கா பேருக்குச் சூடம் காட்டினேன். முழங்கால் ஆழத்தில் நின்று போத்தலை முக்கிப் பிடித்தேன். இருட்டுவதற்குள் வீடு.

லோரிப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த தெய்வானை அக்கா, "ஆமாடி, நீலந்தான்! அவ சொன்னது சரிதான்" என்று அழுதார். நெத்திலியும் நல்ல ருசி என்றார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும் அம்மா. துடைப்பம் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்.

நான் சுங்கை பெசாரைத் தாண்டவில்லை. பஸ் மாறுவதற்கு இறங்கினேன், உட்கார்ந்தேன். தெலுக் இந்தான் பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. கடல் நீலமாக இருந்துவிட்டால் உனக்குக் காட்டாமல் நான் மட்டும் பார்த்தவன் ஆகிவிடுவேன். நீலமாக இல்லாவிட்டால் நீ கடைசி வரை ஆசைப்பட்டதும் பொய்யாகிவிடும். இரண்டையும் பார்க்கத் தைரியமில்லை. மூன்றாவது பஸ்ஸும் போன பிறகு, அங்கேயே பாசாரில் நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பினேன். லயத்துக்குப் பின்னால் பைப்பில் போத்தலை நிரப்பினேன். உன் சோப்பு டப்பாவில் துணிக்குப் போடும் நீலம் பாதிக் கட்டி மிச்சமிருந்தது. பழைய துணியில் முடிந்து, நீ செய்வது போலவே மூன்று தடவை முக்கி எடுத்தேன். காலண்டர் நிறம் அப்படியே வந்தது.

ஏப்ரல் ஃபூல், அம்மா. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததை இன்னும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

பெண்கள் எல்லாம் போன பிறகு அப்பா போத்தலைத் திறந்தார். ஒரு விரலை உள்ளே விட்டு நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு மூடியை இறுக்கி உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உப்புக் கரிக்குதுடா. கடலுதான்."

நான் உப்புப் போட மறந்துவிட்டேன், அம்மா.