மூன்றிலிருந்து எட்டு வரை

1936 ஜூலை 6, திங்கள்

இரண்டாம் வகுப்பில் அடிக்கோலைக் கொடுத்தேன். முப்பது தலைகள்; மூளை மூன்றில் இருந்தால் அதிகம். கடற்கரை என்று ஒரு பையன், கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிலேட்டைச் சாண் போட்டு அளக்கிறான். "சந்தையில் கயிறா வாங்குகிறாய்?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் சகிக்கவில்லை.

விதி ஒன்றே. மறுமுனையில் எந்த எண்ணோ, அதுவே நீளம். கான்வென்டில் நாங்கள் ஒரே நாளில் கற்றது.

ஜூலை 8

கடையநல்லூர் நெசவுக்காரர் மகள் ஹாஜரா பீவி, கோட்டுக்குக் கோடு விரலால் தாவி எண்ணுகிறாள். எண் அச்சிட்டிருக்கிறதே, கண் இல்லையா என்றேன்.

"இடையில உள்ள கட்டத்தத்தான எண்ணணும், டீச்சரம்மா?"

எதிர்ப்பேச்சு! விரல் முட்டில் கோலால் ஒன்று வைத்தேன்.

அடுத்த வகுப்பு வாத்தியார் தங்கசாமி எட்டிப் பார்த்து, "அவ சொல்லுதது சரிதானம்மா" என்கிறார். டிரெயினிங் முடித்து ஆறு மாதம். மீசைகூட முழுதாக வரவில்லை.

ஜூலை 13

வியாழன் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் என் வகுப்பு தங்கசாமிக்குப் போகும் என்று பள்ளிக்கூட மானேஜர் வல்லிநாயகம் சொல்கிறார். எனக்கா பயம்?

ஜூலை 16

இன்ஸ்பெக்டர் அருவியில் குளித்துவிட்டு, காதோரம் எண்ணெய் வழிய வந்தார். இதுவா பரீட்சை அதிகாரி?

ஓர் ஓலை நறுக்கை அடிக்கோலின்மேல் வைத்தார். ஒரு முனை மூன்றில், மறுமுனை எட்டில். "எத்தனை அங்குலம்?"

"எட்டு!" வகுப்பே ஒரே குரலில். எவ்வளவு அழகான பழக்கம். என் பழக்கம்.

ஹாஜரா மட்டும் வாய் திறக்கவில்லை. அவளைத் தனியே கேட்டார். அவள் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, "எட்டு" என்றாள்.

அடியே, ஐந்து என்று சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எங்கன சொல்லுவா? நானில்லா அடிச்சேன் —

ஜூலை 17

இன்ஸ்பெக்டரிடமிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்துவிட்டது. மானேஜர் குழைகிறார்: "நெசவுக்காரப் பிள்ளையளுக்கு ஏறல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. வகுப்பு உங்களுக்கே இருக்கும்." பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர். மற்றப் பிள்ளைகளும் எட்டு என்றுதானே சொன்னார்கள்?

ஜூலை 18

எழுதிக் கொடுத்தேன். "பிள்ளைகள் தவறவில்லை. நான் கற்பித்தபடியே சொன்னார்கள். சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருத்தியை நான் அடித்திருந்தேன்." கீழே முழுப் பெயரோடு கையெழுத்து.

மானேஜர் இரண்டு முறை படித்தார். இந்தக் கையெழுத்துப் புரியவில்லை என்றால் அவர் கண்ணைத்தான் டாக்டரிடம் காட்டவேண்டும்.

திங்கள் முதல் தங்கசாமி.