நரைத்த தலையோடு வருகிறேன்

வண்டன்மேடு
12-8-1974

அன்புள்ள மாமாவுக்கு,

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "எலும்பாப் போன மூஞ்சிய நீ பாக்க வேணாம், போயிரு" என்றீர்கள். உங்கள் காலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று உங்களுக்காகத்தான் தலைக்குச் சாயம் பூசியிருந்தேன். திரும்பும் வழியில் குமுளியில் பிடித்த மழையில் அது கரைந்து கழுத்தெல்லாம் வழிந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "பாட்டி, இங்கிட்டு உக்காருங்க" என்று இடம் காட்டினார். கூனிக் குறுகிப்போனேன். ஆனாலும் உட்கார்ந்த பிறகு முட்டிவலி குறைந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லை. கன்னம் ஒட்டிவிட்டது. ஏலக்காய் பறித்துப் பறித்து விரல்களும் கோணிவிட்டன. நம் மகளைப் புதைத்த அன்று உங்கள் தோளில் சாய்ந்து அழுதது இந்த முகம்தான். இதை ஏன் உங்களிடமே மறைக்கப் பார்த்தேன்? மீதிச் சாயத்தை ஓடையில் கொட்டிவிட்டேன்.

உங்களை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். காரணமும் எழுதியிருக்கிறார். அதை நாம் பேச வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஆனால் வெளியே பார்க்காதீர்கள். ஊர் வந்து சேரும்வரை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி