பெண்கள் பூத்தில் ஒரு ஓட்டு

ஸ்ரீரங்கம்,
9-12-1957

அன்புள்ள தங்கச்சி வேலம்மாளுக்கு, உன் ஓரகத்தி ரங்கநாயகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உள்ளங்கையில் சூடம் சுட்ட தழும்பு மறைந்ததா?

இந்த வருஷம் காற்று அடிக்காததால் வாழை தப்பித்தது. அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான். சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நீ கறந்து பழக்கின மாடு, என்னைக் கண்டால் உதைக்கிறது. அடுப்படியில் பேச ஆளில்லாமல் அம்மியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது உன்னைவிட மரியாதை தெரிந்தது, குறுக்கே பேசுவதில்லை. சிரிக்காதே. ஒன்பது மாதமாக இப்படித்தான் இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜாதிக் கூட்டத்தில் உன்னைத் தள்ளிவைத்துவிட்டு, தையில் வீரமலைத் தம்பிக்கு முசிறியில் வேறு பெண் கட்டுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். தம்பிக்குத் துளியும் சம்மதம் இல்லை. தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. ஆனால் அண்ணன் எதிரில் வாய் திறக்கிற ஆளா உன் புருஷன்?

வேலு, அந்த ஒரு ஓட்டைப் போட்டது நான்தான்.

படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைக் கிழித்துவிடாதே, முழுதும் படி. நம் ஜாதிக்காரர் டில்லி பார்லிமெண்டுக்கு நிற்கிறார் என்று கோயில் வாசலில் சூடம் ஏற்றி, வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை அணைத்துச் சத்தியம் செய்தார்களே, அப்போது வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து அவர்களேதான் செய்தார்கள். மறுநாள் அந்தப் பெரிய மனிதர் நம் வீட்டில் சாப்பிட்டார். இங்கே எத்தனை ஓட்டு என்று கேட்டார். ஐந்து, ஐந்தும் உங்களுக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஐந்தில் ஒன்று ரசம் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறது, இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாழைத்தார் வாங்க வருகிறவன்கூட ஒரு காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஓட்டு அன்று பள்ளிக்கூட அறையில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால், ஏணிப் படம் ஒட்டிய நம்மவர் பெட்டியும் அவரை எதிர்த்து நின்ற வக்கீலின் தராசுப் படம் ஒட்டிய பெட்டியும் இருந்தன. வக்கீல் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அங்கே ஒருவரும் இல்லை. கை தவறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் தராசில் போட்டேன். வெளியே வந்து உன்னோடு பானகம் குடித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பூத் பூத்தாகப் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள் என்று நான் கண்டேனா? நம்மவர் ஏஜெண்ட் தர்மராஜ் திருச்சியிலிருந்து வந்து, நம் ஜனம் போட்ட ஆண்கள் பூத்தில் வக்கீலுக்கு ஒன்றுமில்லை, பெண்கள் பூத்தில் ஒன்று என்றார். வையம்பட்டியில் உன் அண்ணன் வக்கீலுக்குக் கொடி பிடித்தவர். அது போதாதா இவர்களுக்கு? நீ நானில்லை என்று சூடத்தைக் கையால் அணைத்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான் வேலு, வேறு ஒன்றுமில்லை. அப்படியும் அவர்கள் நம்பாமல் உன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப, தம்பி பஸ் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னைத் தின்கிறது.

போன வெள்ளிக்கிழமை முசிறிப் பேச்சு நடந்த கூட்டத்தில் முன்னால் போய் நின்று, ஓட்டுப் போட்டது நான் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தி மேல் உள்ள பாசத்தில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று சொல்லி, இவர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாட்டாண்மை பெரியண்ணன் சம்சாரத்துக்கு எவ்வளவு நல்ல மனசு என்று கூட்டம் என்னை மெச்சியது! உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கின பாவி நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஆனால் இவர் நம்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், நான் செய்த சத்தியம் பொய்யாகிவிட்டதா என்று ஒன்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. அத்தை போட்டால்தான் சாப்பிடுகிறார். உன் மேல் தப்பில்லை என்று தெரிந்தும் முசிறிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். உண்மை வெளியே வந்தால் நாட்டாண்மை போய்விடும் அல்லவா?

வாயால் சொன்னதைத்தானே சிரித்துத் தள்ளினார்கள்? அதனால்தான் எழுதுகிறேன். தெருவுக்குக் குழாய் கேட்டு முனிசிபாலிட்டிக்கு மனு எழுதியது நான். என் கையெழுத்து இங்கே எல்லோருக்கும் தெரியும். தபாலாபீசுக்கு நானே போய் இதை ரிஜிஸ்தர் செய்யப் போகிறேன். உன் அண்ணனிடம் கொடு. தை பிறப்பதற்குள் அவர் வந்து, கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி படிக்கட்டும். இவர் பெயர் வருகிற இடத்தையும் விடாமல் படிக்கட்டும்.

அதற்கப்புறம் உன்னை அழைக்க வருவார்கள். என் மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும், அதோடேயே வா. நீயும் தம்பியும் நூறு வயசு ஒன்றாக இருக்க வேண்டும் என்று ரங்கநாதரைத் தினம் வேண்டிக்கொள்கிறேன்.

நீ வரும்போது நான் இந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம். அப்போது அக்கா எங்கே என்று ஒரு தடவை கேள். இங்கே அதைக் கேட்க வேறு ஒருத்தரும் இல்லை.

இப்படிக்கு,
உனக்குத் துரோகம் செய்த அக்கா,
ரங்கநாயகி