வெளிப்பந்திக்கு விசாரணை

ஜூலை 12, 1979

நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதர் குளத்திலிருந்து மேலே வந்திருக்கும் வருஷம். ஆகாயத்திலிருந்து ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று எங்கள் ஊர் ஓரிக்கையே நடுங்கிய வருஷமும் இதுதான். நேற்று அது எங்கோ கடல் பக்கம் விழுந்துவிட்டதாம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ரேணுகாம்பாள் எழுதுகிறாள்.

சின்ன காஞ்சிபுரம் நீலாம்பாள் சத்திரத்தில் விறகு பிளப்பது என் வேலை. தரிசனத்துக்கு வரும் கூட்டத்துக்கு அங்கே சாப்பாடு. வேண்டியவர்களுக்கு உள்கூடம், மற்ற ஜனத்துக்கு வெளிப் பந்தல். உள்கூடத்தில் பாஷ்யம் ஐயங்கார் பந்தி விசாரணை. பரிமாறுவது வேறு, விசாரணை வேறு. விசாரிக்கிறவர் கையில் கரண்டி இருக்காது. இலை இலையாகக் குனிந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பரிமாறுகிறவனைக் கூப்பிடுவார். கடைசி இலை மடியும்வரை தான் சாப்பிட உட்காரமாட்டார்.

வெளிப் பந்தலில் விசாரணை கிடையாது. போட்டதைத் தின்று எழுந்திருக்க வேண்டியதுதான். போன தடவை வரதர் வந்தபோதும் இப்படித்தான்.

ஜூலை 13

அக்கா அங்கம்மாளைத் தரிசனத்துக்குக் கூப்பிட்டேன். "சாமியைப் பாக்க வரேன். அந்தச் சத்திரத்துச் சோத்துல கை வெக்கமாட்டேன்டா" என்றாள்.

நாற்பது வருஷக் கோபம். போன தடவை வரதர் வந்தபோது நான் சத்திரத்துக் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அவள் வெளிப்பந்தியில். வயிற்றில் பிள்ளை. இன்னும் ஒரு பிடி சோறு கேட்டிருக்கிறாள். "இன்னாம்மா, கேட்டுக் கேட்டு வாங்கறே? உன் மாமியார் வூடா?" என்றானாம் பரிமாறினவன். பக்கத்து இலைக்காரர்கள் நிமிரவில்லை. அவர்களுக்கும் பசிதான். கிணற்றடிக்கு வந்து, கை கழுவாமல் நின்றாள். அந்த முகம் — வேண்டாம்.

ஜூலை 15

பாஷ்யத்திடம் கேட்டேன். "வெளியிலயும் விசாரணை வெக்கணும் சாமி."

"ஏம்ப்பா, அத்தனை ஜனம் வெயில்ல நின்னுண்டிருக்கு. ஒவ்வொருத்தரையா விசாரிச்சா அஸ்தமனமாயிடும். யார் பண்றது?"

"நான்."

சிரித்தார். "சரி. விறகு பிளக்கற குரலை மட்டும் கொல்லையிலயே வெச்சுட்டு வா."

ஜூலை 16

தோற்றேன். ஒவ்வொரு இலையாகப் போய் "போதுமா?" என்று கேட்டேன். பாதிச் சோற்றில் ஜனம் எழுந்திருக்கிறது! செய்யாற்று ஆள் ஒருவர், "தோ, எழுந்துட்டேம்பா. தொரத்தாதே" என்றார். வாசலில் நிற்கிறவர்கள் வேறு: "யோவ் பெரிசு, நீ பேசிக்கினே இருந்தா எங்க பசி ஆறிடுமா?" நியாயம்தானே? நான் கேட்டு யாருக்கு என்ன ஆயிற்று?

ஜூலை 17

உள்கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தேன். பாஷ்யம் ஒருமுறைகூடப் போதுமா என்று கேட்கவில்லை. முதலில் இலையைப் பார்க்கிறார். எது தீர்ந்திருக்கிறதோ அதைப் பேர் சொல்லிக் கேட்கிறார். அவ்வளவுதான் வித்தை.

நானும் அப்படியே கேட்டேன். "ரசம் வரட்டுமா?" தலை ஆடுகிறது. யாரும் எழுந்திருக்கவில்லை. நேரமும் வீணாகவில்லை.

ஜூலை 29

மழை. பந்தல் ஒழுகல். விசாரணை நடக்கிறது. அக்கா வரவில்லை.

ஆகஸ்ட் 12

வந்தாள். தரிசனம் முடித்து, பந்தல் ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பந்திக்குத் திரும்பினால், உட்கார்ந்திருக்கிறாள்!

அக்கா என்று முன்னால் ஓட முடியுமா? வரிசைப்படிதானே வர வேண்டும். அவளிடம் வந்தபோது இலையில் சோறு தீர்ந்திருந்தது.

"சோறு வரட்டுமாக்கா?"

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வரட்டும்." பிறகு, "ஏண்டா, பக்கத்துப் பொண்ணு எலையும் காலியா இருக்குது பாரு. வாய் தொறக்காம குந்திக்கினு இருக்கா. மொதல்ல அவளைக் கேளு."

கேட்டேன். அந்தப் பெண் தலையாட்டினாள். இரண்டு இலைக்கும் சோறு வந்தது.

ஆகஸ்ட் 19

வரதர் குளத்துக்குள் போய்விட்டார். பந்தல் பிரிக்கிறார்கள். பாஷ்யம் விறகுக் கொட்டகைக்கு வந்து கட்டை மேல் உட்கார்ந்தார். அக்கா கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அன்னிக்கும் உள்கூடத்து விசாரணை நான்தான், அப்பாதுரை. வாசப்படி தாண்டி வந்து பாக்கலை." பிறகு, "உன் அக்கா வரிசைல யார் யார் இருந்தா?" என்றார்.

சொன்னேன். எல்லாம் ஓரிக்கை ஜனம். முதல் இலை வீரபாகு, காலராவில் போனார். அடுத்தது அவர் சம்சாரம் பட்டம்மாள், அவர் பின்னாலேயே. கோதண்டபாணி, பாலாற்று வெள்ளத்தில். சம்பூர்ணம், போன தை மாதம். ஒவ்வொரு பேருக்கும் பாஷ்யம், இலை முன்னால் குனிவதுபோலத் தலை குனிந்தார்.

கடைசி இலை அங்கம்மாள். அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.